இரண்டு தடவை அடித்தால் மழை

பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு யாரும் வெளியூர் போகக் கூடாது. பெட்டிக்குள் அது போகாது. பையில் போட்டால் பை மூடாது. கையில் வைத்துக்கொண்டால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் அதில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். மும்பை செம்பூரில் கிளம்பி நான் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் அதை மூன்று பேர் மிதித்திருந்தார்கள். ஒருவர் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கியும் இருந்தார்.

தாம்பாளம் என் மனைவி வசந்தாவின் ஏற்பாடு. எங்கள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன், அதாவது வசந்தாவின் அண்ணன் ஏழுமலை, மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறார். எட்டு வருடமாக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. காரணம் நான்தான். செம்பூரில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது அவரை எஸ்.டி.டி. போட்டு அழைத்தேன். மூன்று நிமிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினேன். “போன்ல கூப்ட்டா போன்லதான் வருவேன்” என்று அவர் பிறகு யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. சொன்னபடியே அன்றைக்குக் காலையில் போனில் வந்து, வாழ்த்து சொல்லி வைத்துவிட்டார்.

இந்த முறை நாங்கள் ஜோடியாகப் போய் அழைப்பதாக இருந்தது. வசந்தா தாதர் ஸ்டேஷன் படியில் சறுக்கி, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். “ஒத்தையாப் போறதே ஒரு குறை. போன் கீன் பண்ணித் தொலைக்காதீங்க. நேராப் போய் நில்லுங்க” என்றாள். சொன்ன கையோடு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அண்ணனின் செல்போன் நம்பரை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தாள்.

இது நடந்தது 2005 பங்குனிக் கடைசியில். என் செல்போன் மகாராஷ்டிர எல்லையோடு வேலையை நிறுத்திக்கொண்டது. ரோமிங் என்று ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமாம். அதன்பிறகு அதில் மணி மட்டும் பார்க்க முடிந்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற டவுன் பஸ் பாதி வழியில் நின்றது. டிரைவர் இறங்கி டயரை இரண்டு உதை உதைத்துவிட்டு, வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். “அடுத்த வண்டி வரும்” என்றார் கண்டக்டர். எப்போது என்று கேட்டேன். “வரும்” என்றார். மும்பையில் லோக்கல் ரயில் நின்றால் மூன்று மொழிகளில் வருத்தம் தெரிவிப்பார்கள். ரயில் அப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும். இங்கே யாருக்கும் வருத்தமில்லை. அது எனக்கு ஒருவகையில் பிடித்திருந்தது.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு எடைமேடை. சுமை லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இடம். அதை ஒட்டி மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத். ஒரு பெண் டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டு இருந்தாள். என் கையில் தாம்பாளத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

“கல்யாணமாங்க?”

“ஆமாம்மா. என் பெண்ணுக்கு. மரக்காணத்தில் உப்பளம் ஏழுமலை இருக்கிறாரே, அவர் என் மச்சான். அழைக்கப் போகிறேன்.”

“ஐய, ஏழுமலை அண்ணனா” என்று மரியாதைக்காக டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். எடைமேடையில் ஒரு லாரியைக் கைகாட்டிப் பின்னால் வரச்சொல்லிக்கொண்டிருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர் என்றும், எடைமேடையும் பூத்தும் அவர் பொறுப்புதான் என்றும் சொன்னாள். சீரியலில் யாரோ அழவே திரும்பிக்கொண்டாள்.

நான் கண்ணாடிக் கூண்டுக்குள் போனேன். உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று இருந்தது. எதிர்முனையில் ஆள் எடுத்தால்தான் அது சுற்றும். வசந்தா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அழைப்பதற்காகப் போன் செய்யவில்லையே, வரத் தாமதமாகும் என்று சொல்வதற்குத்தானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு நம்பரைப் போட்டேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எடுக்கவில்லையென்றால் மறுபடியும் அடி, மூன்று தடவை அடித்துவிட்டுத்தான் விடு என்பது எங்கள் பிரிவின் விதி. எனவே மறுபடி அடித்தேன். அதுவும் ஓய்ந்தது. மூன்றாவதாக விரலை வைத்தபோது ஒரு லாரி டிரைவர் சாவியால் கண்ணாடியைத் தட்டினார். அவருக்கு அவசரமாம். வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவரின் இடதுபக்கம் பாதி உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு மரக்காணம் போய்ச் சேர்ந்தேன்.

வடாலா பக்கத்தில் லோக்கல் ரயிலிலிருந்து நான் தினமும் உப்பளம் பார்க்கிறவன்தான். ஆனால் இறங்கி நடந்ததில்லை. உச்சி வெயிலில், வரப்பு மாதிரியான ஒரு கரைமேல், கண் கூச நடந்தேன். தூரத்தில் ஏழெட்டுப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் நீளக் கழி பிடித்த பலகையால் உப்பை வாரி ஒதுக்குகிறார்கள். கூடையில் அள்ளிக் குவியலில் கொட்டுகிறார்கள். குவியல்மேல் தென்னங்கீற்றை வீசிப் போர்த்துகிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அடடா, உழைப்பென்றால் இதுதான், மும்பையில்கூட இந்தச் சுறுசுறுப்பு கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

கிட்டே போனபோது வேலை முடிந்திருந்தது. எல்லோரும் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.

“வாங்க மாப்ள” என்றார் ஏழுமலை. எட்டு வருடத்தில் தலை நரைத்திருந்தது. முழங்கால்வரை சேறு. கண் மட்டும் வானத்தில் இருந்தது. “செத்த நேரம் நெழல்ல ஒக்காருங்க. மழ வருதாம்.”

மழை வரவில்லை. அரைமணி நேரம் கழித்து, ஒவ்வொருவராகக் கரைமேல் உட்கார்ந்தார்கள். தனம் என்கிற வேலைக்கார அம்மாள், ஐம்பது வயதிருக்கும், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். “இன்னும் நாலு நாளு காயணுங்க இது. அதுக்குள்ள வாரிட்டோம். சேறும் சகதியுமா வந்துட்டுது பாருங்க. இது கருவாட்டுக்குத்தான் போவும்” என்றாள். குவியல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“அப்படியானால் ஏன் வாரினீர்கள்?”

கரைமேல் நட்டிருந்த சவுக்குக் கழியைக் காட்டினாள். அதன் உச்சியில் ஒரு அலுமினியக் குண்டான் கட்டியிருந்தது. அதற்குள்தான் ஏழுமலையின் செல்போன். பாத்திக்குள் சிக்னல் கிடையாது, அந்தக் கழியின் உச்சியில்தான் உண்டு. குண்டானுக்குள் இருப்பதால் மணி அடித்தால் கால்மைலுக்குக் கேட்கும். அடித்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள். எல்லோருக்கும் கையில் உப்புத்தண்ணீர். எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணுவார்கள், அவ்வளவுதான். மேற்கே திண்டிவனம் ரோட்டில் எடைமேடை வைத்திருக்கிற கன்னியப்பன்தான் அடிப்பார். கோடைமழை அந்தப் பக்கமிருந்துதான் வரும். அங்கே தூறல் விழுந்தால் இங்கே வந்துசேர அரைமணியாவது ஆகும்.

“ஒருவாட்டி அடிச்சா லாரி பொறப்பட்டுட்டுதுன்னு அர்த்தம். ரெண்டுவாட்டி அடிச்சா மழ. எடுக்காததால காசும் இல்ல” என்றாள் தனம்.

நான் பூத்திலிருந்து அடித்ததும் இரண்டு தடவைதான். மூன்று தடவை அடித்தால் என்ன என்று கேட்டேன்.

“மூணு அடிச்சா உப்பையே பாக்கக் கூடாதுங்க. கூடைய அப்டியே போட்டுட்டு மேட்டுக்கு ஓடணும். சுனாமிக்கு அப்பால வெச்சது. அவுங்க வூட்ல எந்நேரமும் டிவி ஓடுது இல்ல, அதுல சொன்னா அடிப்பாரு.”

கண்ணாடியைச் சாவியால் தட்டிய அந்த லாரி டிரைவர் நல்லா இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஏழுமலை ஒரு தகர டின்மேல் ஏறி, குண்டானிலிருந்து போனை எடுத்து, கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. “ஏம்பா கன்னியப்பா, எங்கப்பா மழ? ... உன் பூத்து நம்பர்தான்பா, ரெண்டுவாட்டி... நல்லா ரோசன பண்ணிச் சொல்லு.” அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. மறுமுனையில் அவ்வளவு என்னதான் சொல்கிறார்களோ தெரியவில்லை. என்னைத்தான் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டேன். ஏழுமலை போனை வைத்துவிட்டு இறங்கினார்.

“மேகத்தப் பாத்து ஏமாந்துட்டானாம். அவந்தான் அடிச்சானாம். மன்னிச்சிக்கோங்கண்ணேன்றான்.” காறித் துப்பினார். “ரெண்டு வருசமா ஒருவாட்டி தப்பினதில்ல. இன்னிக்கிப் புத்தி கெட்டுப்போச்சி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் செய்த காரியத்தை முன்பின் தெரியாத ஒருவர் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் பயன் இல்லை. தப்பு எங்களுடையது என்று முதலில் நாமாகச் சொல்லக் கூடாது என்பது புகார்ப் பிரிவில் முதல்நாள் கற்றுக்கொடுக்கிற பாடம். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போதுகூட “பார்க்கிறோம் சார்” என்றுதான் சொல்வோம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் ஏழுமலையின் மனைவி அஞ்சலை அண்ணி இறால் தொக்கு வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் குறைந்தது. கேட்டேன். அடுப்பு மேடையிலிருந்து பளபளவென்று ஒரு பாக்கெட்டை எடுத்து, மூலையைப் பல்லால் கிழித்துக் கொடுத்தார். ஏதோ வடநாட்டுக் கம்பெனி உப்பு. வாசலுக்கு வெளியே மலைபோல உப்பு குவித்து வைத்திருக்கிற வீட்டில் இதென்ன என்று கேட்டேன்.

“அயோடின் வேணும்னுட்டாங்க ஆஸ்பத்திரில. நம்ம உப்புல அது இல்லியாம். அவரு இத வாயில வெக்க மாட்டாரு. அவருக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கறேன்.”

ஏழுமலை தன் உப்பைப் போட்டுத் தன் சோற்றைச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில், முதல் பத்திரிகை குலசாமிக்கு, அப்புறம்தான் தனக்கு என்று சொல்லி, என்னைக் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பாண்டிச்சேரி போகிற பஸ். காலை ஏழு மணிக்கே அதில் வீடியோவில் சண்டைப் படம் ஓடியது. கதாநாயகன் உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். “ரிமோட் மெட்ராஸ்ல மாட்டிக்கிச்சிங்க” என்றார் கண்டக்டர்.

தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு முன்சீட்டில் ஆரோவில் பார்க்கப் போகிற ஒரு இளம் மராத்தித் தம்பதி. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தாராளமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள் ஜன்னலில் வரிசையாகப் போயின. “பாவம், இந்த மீனவர் குடிசைகளைப் பார். ஒரு கதவுகூட இல்லை” என்றாள் மனைவி. “சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. காற்று போகட்டும் என்று கதவு வைக்கவில்லை” என்றான் கணவன், கொஞ்சமும் யோசிக்காமல். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, “பின்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் சில்லறை போட்டுவிடலாமா, பார்க்கப் பாவமாக இருக்கிறது” என்றாள் அவள். இறங்கும்போது மராத்தியில், “நல்லபடியாகப் போய்வாருங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கோயிலில் கூட்டம். அய்யனார் காலடியில் பத்திரிகையை வைத்தோம். ஏழுமலை நெடுநேரம் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். சாமியிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். பின்னால் நின்றவர் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்ததால் அதுவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலையும் அண்ணியும் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம், பத்திரிகை. தட்டு ஒருபக்கம் நசுங்கி இருந்ததால் எலுமிச்சம்பழம் உருண்டு உருண்டு ஒரே மூலைக்கு ஓடியது. நீட்டினேன். “மச்சான், அண்ணி, ரெண்டு பேரும் முன்னால் வந்து நின்று நடத்திக்கொடுக்க வேண்டும்” என்றேன். ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

“நேர்ல வந்தீங்க பாருங்க மாப்ள. அது போதும்” என்றார். அப்புறம் பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். “அஞ்சல ஒரு வாரம் முந்தியே வந்துடுவா. நான் வர முடியாது.”

“என்ன மச்சான்?”

“வைகாசிதான் நமக்கு உப்பு. போவ ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு. முந்தி மாதிரி இருந்தா தனத்துகிட்ட வுட்டுட்டு வந்துடுவேன். மேக்கால கன்னியப்பன் இருக்கறான், ரெண்டு அடிச்சா இவுங்க மூடிடுவாங்கன்னு நம்பிக்கை. இப்ப அவனே மேகத்துக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாம அடிக்கிறான். யார நம்பி வுட்டுட்டு வர்றது, நீங்களே சொல்லுங்க.”

உண்மையைச் சொன்னால் கன்னியப்பன் மேல் நம்பிக்கை திரும்பும், ஆனால் எட்டு வருடத்துக்கு அப்புறமும் போனைத் தூக்கி அவர் உப்பைக் கெடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் எதற்கு வருவார்? சொல்லாவிட்டால் நம்பிக்கையும் இல்லை, அவரும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் மகள் மாமன் கையால் மாலை வாங்காமல் மணவறைக்குப் போவாள். வசந்தா வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சொல்லாமல் இருப்பது சுலபம் என்பதால் சொல்லவில்லை. அந்த மத்தியானம் முழுக்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அண்ணி நண்டு வறுத்துப் போட்டார். ருசி தெரியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி வண்டிக்குக் கிளம்புவதாக இருந்தேன். சொல்லிக்கொள்ள மத்தியானம் உப்பளத்துக்குப் போனேன். நான் வந்த அன்றைக்கு வாராமல் தப்பிய பாத்திகளில் அன்றைக்குத்தான் நல்ல உப்பு வாரியிருந்தார்கள். நாலு குவியல், திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தது. அத்தனை வெண்மையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குண்டானில் மணி அடித்தது. ஓய்ந்தது. யாரும் அசையவில்லை. லாரியாக இருக்கும். மறுபடி அடித்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது.

தனம் பலகையை நிறுத்திவிட்டு ஏழுமலையைப் பார்த்தாள். ஏழுமலை வானத்தைப் பார்த்தார். கடல் பக்கமிருந்து காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே கொஞ்சம் மங்கலாக இருந்தது, வெயில் நேரத்தில் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

“அடிக்கட்டும். அவனுக்கு இதே வேலையாப் பூடுச்சி. நீங்க வேலையப் பாருங்க” என்றார்.

“அண்ணே, ஒருவாட்டி மூடிட்டுத்தான் பாக்கலாமே” என்றாள் தனம்.

“நேத்து முழுக்கக் கை எரிஞ்சி கெடந்தியே, மறந்துட்டியா?”

அவள் குனிந்து பலகையை எடுத்துக்கொண்டாள். நான் அந்த நாலு குவியலையும் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மச்சான், இது நிஜம். மூடச் சொல்லுங்கள்.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“முந்தாநாள் அடித்தது கன்னியப்பன் இல்லை. நான். பஸ் நின்றுபோனது, அவர் பூத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். ரெண்டு தடவை. யாரும் எடுக்கவில்லை.”

ஏழுமலை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரே ஒரு விநாடி பார்த்தார். பிறகு திரும்பி, “தனம், கீத்து” என்று கத்திக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. வழுக்குகிற கரையில் இரண்டு தடவை விழுந்தேன். கீற்று கையைக் கிழித்தது, கிழிந்த இடத்தில் உப்பு ஏறியது. அது எப்படி எரியும் என்று இதற்குமுன் எனக்குத் தெரியாது. மூன்று குவியல் மூடி, நாலாவதில் பாதி வந்தபோது காற்று திசை மாறியது. வெயில் அணைந்தது. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. அது பெரிய துளியாக இருந்தது.

நாலாவது குவியலின் பாதி எங்கள் கண் முன்னால் கரைந்து பாத்திக்குள் ஓடியது. மற்றது தப்பியது. கொட்டகைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். கூரை ஒழுகியது. ஏழுமலை மழையைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“கன்னியப்பன்மேல தப்பு இல்லன்னு ஆச்சி. அப்ப நான் வர்றதுக்கும் தடையில்ல. கல்யாணத்துக்கு வர்றேன். தாய்மாமன் செய்யவேண்டியது அத்தினியும் செய்வேன், ஒரு குறையும் இருக்காது. ஆனா உங்ககூடப் பேச மாட்டேன் மாப்ள.”

“எவ்வளவு நாளைக்கு மச்சான்?”

“தனம், அவரக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லு. அங்க ஒழுவுது” என்றார் ஏழுமலை.

தனம் எனக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தாள். “தள்ளி நிக்கணுமாங்க” என்றாள். தள்ளி நின்றேன்.

மழையில் ராத்திரி வண்டி தவறிப்போனது. காலையில் கிளம்பும்போது அண்ணி எனக்கு ஒரு பொட்டலம் காய்ந்த இறால் கட்டிக்கொடுத்தார். ஏழுமலை வாசலில் நின்று அண்ணியிடம் சொன்னார், நான் பக்கத்திலேயே நிற்கும்போது: “போற வழியில எடமேடையில எறங்கச் சொல்லு. அவங்கிட்ட இவரே நேர்ல சொல்லட்டும்.” அண்ணி என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டது என்று தலையாட்டினேன்.

எடைமேடையில் இறங்கினேன். கன்னியப்பன் என்னைவிடச் சின்ன வயது. காதில் பேனா சொருகியிருந்தார். ஒரு லாரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். என்னை யாரென்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“தெரியுங்க. தாம்பாளத்தோட வந்தீங்கன்னு எங்க வூட்ல சொன்னா. ஏழுமலை அண்ணன் போன்ல கேக்கறாரு, ரெண்டுவாட்டி அடிச்சது யாருன்னு. அப்பத்தான் அவ சொல்றா, அண்ணனோட மாப்ள இங்கேர்ந்து போன் அடிச்சிட்டுப் போனாருன்னு. கணக்கு சரியாப் போச்சி.”

“தெரிந்துமா உங்கள் பேரில் போட்டுக்கொண்டீர்கள்?”

“வேற இன்னாங்க பண்றது? பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கறீங்க. அவரு கோவக்காரரு. நீங்க வூட்டு வாசப்படியே மிதிக்கல, அதுக்குள்ள நான் அதச் சொல்லி அனுப்பறதா? எம்பேரு ரெண்டு நாளு கெட்டா கெட்டுட்டுப் போவுது, அப்பால சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். இவ்வளோ சீக்கிரம் மழ வரும்னு நெனைக்கல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். இருபது வருடமாக யாரிடமும் கேட்டுப் பழகாததால் அது ஒழுங்காக வரவில்லை. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, “ஒக்காருங்க, டீ சொல்றேன்” என்றார். பிளாஸ்டிக் கப்பில் டீ வந்தது. விரல் சுட்டது, கீழே வைத்தால் காற்றில் பறந்தது. கையில் பிடித்தபடியே குடித்து முடித்தேன். பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தேன். பெயரை எழுதி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினேன். “குடும்பத்தோடு வர வேண்டும். நேரில் அழைக்கிறேன்.”

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். பூத்துக்குள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார்.

“நல்லபடியா நடக்கட்டுங்க” என்றார். “ஆனா மழைக்கு ரெண்டு அடிக்க இங்க ஆளு வேணுமே. நான் வந்தா ஏழுமலை அண்ணன் வர முடியாதே.”